திருத்தியதெல்லாம் பிழை

குறிஞ்சிப்பிட்டி ரஸாக்கின் கையில் ஒரு சாமான் கிடைத்தால், அது எப்படி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. எப்படி இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும். வெங்காயமும் மிளகாயும் போடுகிற தோட்டக்காரர்தான். ஆனால் மண்வெட்டியோடு அவரைக் கண்டவர்களைவிட ஸ்பானரோடு கண்டவர்களே ஊரில் அதிகம்.

கலியாணம் முடித்த புதிதில் மனைவி சுல்பாவின் தையல் மெஷினைத் திருத்திக் கொடுத்தார். அது முன்னைவிட வேகமாகத் தைத்தது. சுல்பா காலை எடுத்த பிறகும் அரை முழம் தைத்துவிட்டுத்தான் நின்றது. பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியைத் திருத்தினார். அன்றிலிருந்து விடியற்காலைச் சுபஹுடைய பாங்கு மாம்புரிக் கரையின் கத்தோலிக்க மீனவர்களையும் எழுப்பிவிட்டது. அவர்கள் கடலுக்கு இறங்குகிற நேரமும் அதுவாகவே இருந்தபடியால் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.

“இந்த மனிசனுக்கு ஒரு சாமானையும் அது இரிக்கிற மாதிரி உட்டுவைக்கத் தெரியா” என்பாள் சுல்பா, வீட்டுக்கு வருகிறவர்களிடம். அவள் நொந்துகொள்கிறாளா பெருமைப்படுகிறாளா என்பது கேட்பவர்களுக்குப் பிடிபடாது.

இப்படிப்பட்டவரின் வீட்டு வளவில்தான் அந்த ரேஸ் கார் கிடந்தது.

கார் என்றதும் நாலு பேர் ஏறிப் போகிறதை நினைக்கக் கூடாது. ஒரேயொரு ஆள், அதுவும் மெலிந்த ஆள், காலை நீட்டிச் சரிந்து இருக்கிற அளவுக்கு ஒரு சுருட்டு வடிவக் கூடு. நாலு சில்லும் கூட்டுக்கு வெளியே. எஞ்சின் முதுகுக்குப் பின்னால். அந்த எஞ்சினும் ஐந்நூறு சீசீ மோட்டார் சைக்கிள் எஞ்சின்தான். சைக்கிளில் இருப்பது போலச் செயின் போட்டுப் பின் சில்லைச் சுழற்றும். ஐம்பதுகளில் இங்கிலாந்தில் இந்த மாதிரிச் சின்னக் கார்களை ஓட்டுவது ஒரு பைத்தியமாக இருந்ததாம். மதுரங்குளிப் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒரு துரை அந்தப் பைத்தியத்தை வரைபடமாகத் தபாலில் வரவழைத்து, தன் தோட்டத்து மெக்கானிக்கைக் கொண்டு இங்கேயே ஒன்று செய்வித்தார். மலைநாட்டு ஏற்றங்களிலும் பட்டாளத்தார் விட்டுப்போன ஓடுபாதைகளிலும் அதை ஓட்டினார். பிறகு தன் நாட்டுக்குப் போய்விட்டார். தோட்டம் கைமாறியபோது, தேங்காய் மட்டை ஏற்றப் போயிருந்த ரஸாக்கின் வாப்பாவிடம், “இதையும் ஏத்திக்கொண்டு போ” என்று சொல்லிவிட்டார்கள்.

வாப்பா சிக்கலில்லாத மனிதர். எஞ்சினைக் கழற்றித் தண்ணீர் இறைக்கச் சொல்லி மாம்புரியில் ஒரு கூட்டாளிக்குக் கொடுத்தார். கூட்டைக் கோழிகளுக்குக் கொடுத்தார். துரை இருந்து ஓட்டிய சீட்டில் நாற்பது வருடம் கோழிகள் அடைகாத்தன.

வாப்பா மவுத்தான பிறகுதான் ரஸாக் அதில் கைவைத்தார். வைத்த கையைப் பத்து வருடம் எடுக்கவில்லை. பின்னுக்குப் புது எஞ்சின் வந்தது, பொத்தானை அமத்தினால் ஸ்டார்ட்டாகிற மாதிரி. டிரம் பிரேக் இருந்த இடத்தில் டிஸ்க் பிரேக் வந்தது. துரையின் காலுக்குச் செய்த செசிச் சட்டம் தன் காலுக்குப் போதாது என்று கண்டு, நடுவில் வெட்டி ஒரு சாண் நீட்டினார். வெல்டிங் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. த்ரீவீல் ஒன்றிலிருந்து ரிவர்ஸ் கியர் எடுத்துப் போட்டார், ரேஸ் ஓடுகிறவன் என்னத்துக்குப் பின்னால் போக வேண்டும் என்று சுல்பா கேட்டும். லைட், ஹோன், மெத்தை வைத்த சீட், மினுங்குகிற பச்சைப் பெயின்ட். பின்னேரங்களில் கடற்களப்பு வற்றிக் கிடக்கிற வெட்டை வெளியில் அதை ஓட்டுவார். காற்றாடி மின்சாரக் கோபுரங்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்க, அதன் கீழே இந்தப் பச்சைச் சுருட்டு பறந்து போகும்.

கல்பிட்டிக்குப் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரி அதைப் படம் பிடித்துப் போனில் போட்டாள். அந்தப் படம் எங்கெங்கோ சுற்றி, கொழும்பில் பழைய ரேஸ் கார்களை வைத்து இப்போது போட்டி நடத்துகிற ஒரு கழகத்தாரின் கண்ணில் பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு பாயிஸ் என்பவர் வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற என்ஜினியர். எந்தக் கார் அந்தப் போட்டிகளில் ஓடத் தகுதியானது, எது தகுதியில்லாதது என்று பார்த்துச் சொல்வது கழகத்தில் அவருடைய வேலை. மெதுவாகக் கதைக்கிற, மிகவும் மரியாதையான மனிதர். அந்த மரியாதைதான் பிறகு தாங்க முடியாமல் போனது.

சுல்பா நெய்ச்சோறும் கணவாய்க் கறியும் ஆக்கியிருந்தாள். பாயிஸ் வயிறாரச் சாப்பிட்டு, கை துடைத்து, காரைச் சுற்றி வந்தார்.

“இந்த முன் பிரேக் யாரு போட்டது ரஸாக்?”

“நான்தான் சேர்.”

“அருமையான வேலை. கழட்ட வேணும்.”

ரஸாக் தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார். “கழட்டவா? சேர், பழைய டிரம்ல பிரேக் அடிச்சா கார் ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுறவன் மவுத்தாப் போயிருவான்.”

“தெரியும். அந்தக் காலத்தில இழுத்தது. இப்பவும் இழுக்க வேணும்.”

பாயிஸ் குனிந்து செசியைத் தடவினார். ஒன்றும் பிடிபடவில்லை. அளவு நாடாவை எடுத்து நீட்டிப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தார். “இப்பிடி ஒரு வெல்டிங் நான் கண்டதில்ல. மாஷா அல்லாஹ். வெட்டி எடுங்க.”

இப்படியே எஞ்சின், கியர், ஷொக் அப்சோபர், சில்லு, சீட் எல்லாவற்றையும் அவர் பாராட்டினார், எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். கழகத்தின் சட்டம் விளங்குவதற்குக் கஷ்டமானதல்ல. அறுபதாம் ஆண்டு முடிவதற்குள் அந்தக் கார் ஓடிய போட்டிகளில் எப்படி இருந்ததோ, அப்படியே இன்றும் இருக்க வேண்டும். எஞ்சின் ஐந்நூறு சீசீக்கு மேலே போகக் கூடாது. அந்தக் காலத்து வகையாகவும் இருக்க வேண்டும். கார் உண்மையில் ஓடியது என்பதற்குச் சாட்சி வேண்டும். அது இருந்தது; துரை இந்தக் காரோடு நிற்கிற படங்கள் கழகத்திடமே இருந்தன. மண்டை உடையாமல் இருப்பதற்கான தலைக்கவசம், பெல்ட், தலைக்குப் பின்னால் ஓர் இரும்பு வளைவு, இவை மட்டும் புதிதாக இருக்கலாம்.

“சேர், இந்தா இந்த இடத்தைப் பாருங்க” என்று ரஸாக் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே செசிப் பைப்பில் ஒரு பழைய வெல்டிங், கோழி எச்சம் உறைந்தது போல் திரண்டு கிடந்தது. “இது என்ட வேலை இல்ல. ஆரோ அந்தக் காலத்துல செஞ்ச அசிங்கம். இதையாவது சுரண்டிச் சரிப்படுத்தலாமா?”

பாயிஸ் பதறிப் போனார். “தொட்டுராதீங்க! அது அம்பத்தெட்டாம் ஆண்டு மலையில அடிபட்டு, ராவோட ராவா ஒட்டினது. படத்தில தெளிவாத் தெரியுது. அது சரித்திரம்.”

“அப்ப என்ட வெல்டிங்?”

“அது பிழை.”

ரஸாக் தன் வெல்டிங்கை இன்னொரு தரம் தடவிப் பார்த்தார். பாயிஸுக்கு இரக்கமாக இருந்திருக்க வேண்டும். வாகனத்தில் ஏறுமுன் தோளில் கைவைத்துச் சொன்னார். “கோவிக்காதீங்க. இலங்கையில செஞ்ச இந்த மாதிரிக் கார் வேற ஒண்டும் மிஞ்சினதா நாங்க கேள்விப்படல்ல. ஆனா இப்ப இது அந்தக் கார் இல்ல. அந்தக் காரைப் பத்தி உங்கட அபிப்பிராயம். கோழி அடைகாத்த காலத்தில இது முழுத் தகுதியோட இருந்திச்சு.”

ஒரு கிழமை ரஸாக் வீட்டில் ஒருவரோடும் கதைக்கவில்லை. பத்து வருட உழைப்பைவிட நாற்பது வருடக் கோழிகள் மேல் என்று ஒருவர் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனால், மனிதன் எதைக் கதைப்பது? மிளகாய்ப் பாத்தியில் நின்றாலும் அந்தத் திரண்ட வெல்டிங்தான் கண்ணில் வந்தது. சரித்திரமாம்.

கடைசியில் அவரை அசைத்தது சரித்திரமல்ல, வீம்பு. திருத்தத் தெரிந்தவனுக்குத் திருத்தினதை எடுக்கவும் தெரியும் என்று ஒருநாள் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு சொன்னார். சுல்பா அவர் கதைத்ததே போதும் என்று இன்னொரு கரண்டி கறி ஊற்றினாள்.

முதலில் பழைய எஞ்சின் வேண்டும். அது மாம்புரியில் வாப்பாவின் கூட்டாளியுடைய மகன் இன்னாசிப்பிள்ளையிடம் இருந்தது. மீன்பிடிக்காரர். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் பீட்ரூட்டும் போட்டிருந்தார். அதற்குத் தண்ணீர் இறைப்பது, ஒரு காலத்தில் துரையை மலையேற்றிய அந்த எஞ்சின்தான்.

“எடுங்க நானா, எனக்கென்ன” என்றார் இன்னாசிப்பிள்ளை. “ஆனா பதிலுக்கு ஒரு புது மெஷின் தர வேணும். அதில நீங்க கை வைச்சிருக்கவும் கூடாது.”

“நான் கை வைச்சா இன்னும் நல்லா ஓடுமே அண்ணே!”

“அதுதான் பயம். முந்தி ஒருக்கா நீங்க திருத்தித் தந்த குழாய் பீட்ரூட்டையெல்லாம் வேரோட கிளப்பிப் போட்டது. மறந்திட்டீங்களா?”

ரஸாக் புத்தளத்தில் ஒரு புது மெஷினைப் பெட்டியோடு வாங்கி, பெட்டியோடே கொண்டுபோய் இறக்கினார். இன்னாசிப்பிள்ளை பெட்டியை நாலு பக்கமும் திருப்பி, ஒட்டியிருந்த நாடா கிழியவில்லை என்று கண்ட பிறகுதான் திறந்தார். பிறகு தன் கையாலேயே பூட்டினார். குழாய்க் கிளிப்பைக் கோணலாகப் போட்டார். ரஸாக் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே அமத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் பட்ட பாடு, பிறகு ரேஸில் பட்டதைவிடப் பெரிது என்று இன்னாசிப்பிள்ளை இன்றைக்கும் சொல்வார்.

எஞ்சின் வந்தது. டிரம் பிரேக்குகளைக் கோழிக்கூட்டு மூலையில் இருந்து தோண்டி எடுத்தார். பச்சைப் பெயின்டைச் சுரண்டினார். ஒவ்வொன்றையும் படம் பிடித்துப் பாயிஸுக்கு அனுப்புவார். பாயிஸ் துரையின் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பதில் போடுவார். ஒருநாள் வந்த பதிலில், சீட்டுக்குப் பின்னால் ஒரு டின் இருக்க வேண்டும் என்றிருந்தது. எஞ்சின் துப்புகிற எண்ணெயைப் பிடிக்கத் துரை ஒரு வட்ட பிஸ்கட் டின்னைக் கம்பியால் கட்டியிருந்தாராம். அந்த இடத்தில் ரஸாக் அலுமினியத்தில் மூடி போட்ட ஒரு பாத்திரம் செய்து வைத்திருந்தார். கழுத்து, கைப்பிடி, வடிகுழாய் எல்லாம் வைத்து, நகைக்கடைக்காரன்கூட அப்படிச் செய்ய மாட்டான். அதை எடுத்துவிட்டு டின்னைக் கட்ட வேண்டும். அதுவும் அந்தக் காலத்து டின்.

அந்தக் காலத்து வட்ட டின் ஒன்று குசினி அலுமாரியில் இருந்தது. அதில் சுல்பா கறுவாப்பட்டை போட்டு வைத்திருந்தாள்.

“இது எங்கட உம்மா தந்த டின்.”

“அதான் புள்ள வேணும். பழசா இரிக்கணுமாம்.”

“எண்ணெய் துப்புறதுக்கா?”

ரஸாக் அலுமினியப் பாத்திரத்தைப் பதிலுக்கு நீட்டினார். சுல்பா மூடியைத் திறந்தாள், மூடினாள். ஒரு சத்தமும் இல்லாமல் வந்து இருந்துகொண்டது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதென்ன அநியாயம், நல்லதைக் குசினிக்குத் தந்திட்டு ஓட்டைய ரேஸுக்குக் கொண்டுபோறீங்க” என்றாள். ஆனால் கறுவாவை உடனே மாற்றிப் போட்டாள், அவர் மனம் மாறுவதற்கு முன்.

பெரிய தொல்லை கடைசியில் வந்தது. செசியில் நீட்டிய ஒரு சாண் பைப்பை வெட்டி எடுத்து, பழைய நீளத்துக்குக் கொண்டுவந்து ஒட்டினார். (இந்த வெல்டிங் வெளியே தெரிகிற மாதிரி இருக்கட்டும் என்று பாயிஸ் சொல்லியிருந்தார், ரஸாக்கால் முடியவில்லை, அதுவும் தெரியாமல்தான் போனது.) பிறகு ஏறி இருந்து பார்த்தார். முழங்கால் ஸ்டேரிங்கில் முட்டியது. வயிறு அதற்கு முன்னமே முட்டியது. உள்ளே இறங்க முடிந்தது, மூச்சு விட முடியவில்லை. வெளியே வருவதற்கு இன்னாசிப்பிள்ளையும் சுல்பாவும் இழுக்க வேண்டியிருந்தது.

“துரை ஈர்க்கில் மாதிரி ஆளா இருந்திருக்கிறான்” என்றார் ரஸாக், வளவு மண்ணில் இருந்து வயிற்றைத் தடவிக்கொண்டு. “செசியையும் நீட்ட ஏலாது. இனி என்னத்தச் செய்ய?”

சுல்பா யோசித்தாள். “அந்தச் சேர் காரைத்தானே திருத்த வேணாம் எண்டார். உங்களத் திருத்த வேணாம் எண்டு சொல்லல்லியே?”

அடுத்த நாளிலிருந்து இரவுச் சோறு நின்றது. பாண் நின்றது. குரக்கன் ரொட்டியும் முருங்கையிலைச் சுண்டலும் வந்தன. சுபஹுக்குப் பிறகு களப்போரம் நடக்க வேண்டும், சுல்பா பின்னாலேயே வருவாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ரஸாக் திருத்தக் கண்டவள் அவள். தன் முறை வந்தபோது ஒரு மூலை விடாமல் திருத்தினாள். ரஸாக் கெஞ்சுவார், இந்த உடம்பு செய்த காலத்திலேயே இப்படித்தான் செய்யப்பட்டது என்று வாதாடுவார். “பழைய படத்தைக் கொண்டுவரவா?” என்பாள் சுல்பா. கலியாணப் படத்தில் அவர் துரையைவிட மெலிவு.

பாயிஸ் இரண்டாம் முறை வந்தபோது அளவு நாடாவோடு ஒரு சுற்று, பழைய படங்களோடு ஒரு சுற்று. டின்னைத் தட்டிப் பார்த்தார். திரண்ட வெல்டிங்கைக் குழந்தையின் கன்னம் போலத் தொட்டார். பிறகு கையொப்பமிட்டுக் கொடுத்தார். கார் தகுதி பெற்றது.

“ஒண்டே ஒண்டு” என்றார். “இனி ஒரு நட் மாத்திறதெண்டாலும் எங்களிட்டக் கேக்க வேணும்.”

அந்த ஆயுள் தண்டனையை ரஸாக் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

போட்டி வடமத்திய மாகாணப் பக்கம் கைவிடப்பட்ட ஓர் ஓடுபாதையில் நடந்தது. காரை இன்னாசிப்பிள்ளையின் மீன் லொறியில் ஏற்றிக்கொண்டு விடிய முன்னமே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஐந்து சின்னக் கார்கள், கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வந்தவை, கூடாரங்களுக்குக் கீழே நின்றன. பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து இறக்கியவை. சொந்தக்காரர்கள் வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். மீன் வாசத்தோடு வந்து இறங்கிய காரை ஒருவரும் இளக்காரமாகப் பார்க்கவில்லை. சுற்றி நின்று படம் எடுத்தார்கள், டின்னை வியந்தார்கள். ரஸாக்குக்கு உச்சி குளிர்ந்தது. பதிலுக்குப் பதில் மரியாதை செய்யத்தானே வேண்டும்? ஒவ்வொரு காராகப் போய்ப் பார்த்து, நல்ல வேலை கண்ட இடத்தில் மனதாரப் பாராட்டினார். பாயிஸும் கூடவே வந்தார்.

“அடடா, கார்பரேட்டரை வெளிய பழசாவே வைச்சிக்கொண்டு உள்ளுக்கு மட்டும் புதுசு போட்டிரிக்கிறீங்க! எவ்வளவு பொறுமை வேணும் இதுக்கு!”

கார்க்காரர் சிரித்தார், ஆனால் சிரிப்புச் சரியாக வரவில்லை.

“இந்த ஷொக்கப் பாருங்க சேர். பழைய லீவர் மாதிரியே இரிக்கு. உள்ளுக்குப் புதுசு, கேஸ் போட்டது. நானும் இதைத்தான் செய்யப் பாத்தன், எனக்கு மூளை ஓடல்ல.”

மூன்றாவது கூடாரத்தில், எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, “ஐந்நூறு சீசீக்கு இவ்வளவு கனத்த சத்தம் வராதே, எஞ்சினை எவ்வளவு அழகாப் பெருப்பிச்சிரிக்கிறீங்க” என்றார். பாயிஸ் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

போட்டிக்குக் கார்களை வரிசைப்படுத்தியபோது மூன்று இடம் வெறுமையாக இருந்தது. ஏன் என்று ரஸாக் கேட்கவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது. ஒரு பக்கம் இழுக்கிற பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடி விழுந்தது. முதல் வளைவில் பிரேக்கை மிதித்தார். கார் தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஒரு பக்கம் இழுத்தது. அல்லாஹ்வே என்று எதிர்ப்பக்கம் திருப்பினார். முதுகுக்குப் பின்னால் செயின் அடித்துக்கொண்டது. எண்ணெய் டின்னிலும் விழுந்தது, அவருடைய கழுத்திலும் விழுந்தது. பச்சைக் காரில் களப்பு வெட்டையில் பறந்த நாட்களில் அவர் செய்ய வேண்டியது ஸ்டேரிங்கைப் பிடித்திருப்பது மட்டும்தான். மற்றதைக் கார் பார்த்துக்கொண்டது. இது ஒன்றையும் பார்த்துக்கொள்ளவில்லை. எங்கே மிதிப்பது, எப்போது விடுவது, எந்தப் பக்கம் உடம்பைச் சாய்ப்பது என்று எல்லாவற்றையும் அவர்தான் செய்ய வேண்டியிருந்தது. இரண்டாம் சுற்றில் பயம் போகவில்லை, ஆனால் பயத்தோடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்றும் ஏறி இருந்துகொண்டது. தலைக்கவசத்துக்குள் தான் சத்தம் போட்டுச் சிரிப்பதை அவரே கொஞ்சம் பிந்தித்தான் கேட்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவிலும், இந்த ஸ்பிரிங்கை இப்படி மாற்றினால் என்ன என்று ஓர் எண்ணம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இரண்டு பேர் அவரைக் கடந்து போனார்கள். அவர் ஒருவரையும் கடக்கவில்லை. முடித்ததும் மேடைக்குக் கூப்பிட்டு மூன்றாம் இடத்துக்கான கேடயத்தைக் கொடுத்தார்கள். ஓடியது மூன்று பேர்தான்.

“மத்தவங்க எங்க சேர்?” என்று அப்போதுதான் கேட்டார்.

“அவங்கள வெளியேத்திப்போட்டோம். நீங்க பாராட்டின மூண்டு பேரையும்.”

ரஸாக்கின் முகம் செத்துப் போனது. கேடயத்தை அங்கேயே வைத்துவிட்டு, ஒவ்வொரு கூடாரமாகப் போய் மன்னிப்புக் கேட்டார். தான் மனதாரத்தான் சொன்னேன், காட்டிக் கொடுக்கச் சொல்லவில்லை என்றார். அது அவர்களை இன்னும் எரிய வைத்தது. ஒருவர் மட்டும் கார்பரேட்டரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். ரஸாக் விளக்கிச் சொன்னார். சொல்லச் சொல்ல இருவருக்கும் நேரம் போனது தெரியவில்லை. லொறியில் இருந்தபடி இன்னாசிப்பிள்ளை ஹோன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் ரஸாக்குக்கு நல்ல மாதங்களல்ல. கார் கொட்டிலில் துணி போர்த்துக் கிடந்தது. அதைப் பார்க்கப் போவார், சுற்றி வருவார், திரும்பி வருவார். கேடயத்தின் அடிப்பாகம் ஆடியது, அதை இறுக்கினார். சுல்பா தையல் மெஷினை அடுத்த வீட்டில் கொண்டுபோய் மறைத்து வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் பாயிஸ் போன் எடுத்தார். தனக்கு வயதாகிவிட்டது, கண்ணும் முந்தி மாதிரி இல்லை, கார்களைப் பார்த்துத் தகுதி சொல்கிற வேலையில் கூட ஓர் ஆள் வேண்டும், கழகத்தார் எல்லாருமாக உங்களைத்தான் சொல்கிறார்கள் என்றார். வெளியேற்றப்பட்ட மூன்று பேரும் அதையே சொன்னார்களாம். தங்களுக்கு நடந்தது மற்றவர்களுக்கும் நடக்கட்டும் என்று.

“சேர், எனக்குத் திருத்தத்தான் தெரியும்.”

“அதுக்குத்தான் கேக்கிறோம். மனிசன் என்னென்ன திருத்துவான் எண்டு உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கு ரஸாக் தெரியும்?”

இப்படி, ஒரு சாமானையும் இருந்தபடி விட்டுவைக்காத மனிதர், எல்லாச் சாமானும் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று பார்க்கிற உத்தியோகத்துக்கு வந்தார். சுல்பா பள்ளிவாசலுக்குக் கஞ்சி நேர்ந்து கொடுத்தாள்.

போன மாதம் சிலாபத்துக்குப் போனார். றொபி என்று, கண்ணாடியிழைப் படகு செய்கிற ஓர் ஆள். மாமன் வழியாக வந்த சின்ன ரேஸ் கார் ஒன்றைப் போட்டிக்குத் தயார் செய்திருந்தான். ரஸாக் குனிந்து முன் சில்லைப் பார்த்தார். பழைய டிரம் பிரேக், துருப் பிடித்திருந்தது. துருவை விரலால் தேய்த்தார். விரலில் ஒட்டவில்லை.

“இது துரு இல்லியே தம்பி.”

றொபிக்குக் காது சிவந்தது. பிறகு, செய்த வேலையை ஒருவருக்காவது காட்ட வேண்டும் என்ற ஆசை பயத்தை வென்றது. டிரம்மின் மூடியைக் கழற்றினான். உள்ளே கையளவில் ஒரு டிஸ்க் பிரேக் ஒளிந்திருந்தது. மூடி முழுக்கப் படகுக்கு ஊற்றுகிற இழையில் வார்த்தது. துரு, தேயிலைச் சாயத்தில் மண்ணைக் குழைத்துப் பூசியது. ரஸாக் நிலத்தில் சப்பணம் போட்டு இருந்துவிட்டார். எப்படி வார்த்தாய், எத்தனை தரம் பூசினாய், எண்ணெய் பட்டால் கரையாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இப்படி ஒரு மூளைக்காரனைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். றொபி உச்சியில் நின்றான்.

“அப்ப பாஸ்தானே நானா?”

“பெயில்.”

“அனே! இவ்வளவு நேரமும் பாராட்டினீங்களே!”

“நல்லா இரிக்கி, பாராட்டினன். அதைக் கழட்டத்தான் வேணும்.”

றொபி எழுந்து பட்டறைக்கு வெளியே போனான். முற்றத்தில் கிடந்த படகு வார்ப்பு ஒன்றைக் காலால் தள்ளிவிட்டான். ஆனால் நண்டுக்கறி ஆக்கியாகிவிட்டது, வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப முடியாது. இருவரும் இருந்து சாப்பிட்டார்கள். கை கழுவுகிறபோது றொபி, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

“உங்கட காரில எத்தனை சாமான் கழட்டச் சொன்னாங்க?”

“கோழி எச்சத்தை மட்டும் விட்டாங்க” என்றார் ரஸாக்.

பின்னேரம் புத்தளம் பஸ் போகிற நேரம் தாண்டிவிட்டது. ரஸாக்கின் போன் அடித்தபோது இரண்டு கையிலும் எண்ணெய். றொபிதான் அதை எடுத்து அவர் காதில் வைத்தான்.

“எங்க இரிக்கிறீங்க?” சுல்பாவின் குரல். “வேலை முடிஞ்சிதா? அந்தப் பொடியன்ட கார் பாஸா, பெயிலா?”

“பெயில் புள்ள. பழைய பிரேக்கைத் திருப்பிப் பூட்ட இவனுக்கு ஒருக்காச் சொல்லிக் குடுக்கணும். நான் வரச் சுணங்கும், நீ சாப்பிடு.”